கடையைப் பிள்ளைகள் எடுத்து நடத்துவார்களா? உங்கள் வீட்டில் என்ன முடிவானது?

#1 · பஜார்தெரு

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. அப்பா ஆரம்பித்தது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் வரிசையில் வந்துவிட்டன.

மகன் பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. மகள் பி.காம். முடித்து மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள், கல்யாணம் ஆகிவிட்டது. போன தீபாவளிக்கு மகன் வந்திருந்தபோது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவன் சொன்னது: "கட்டடம் நம்முடையது. வாடகைக்கு விட்டாலே கடை லாபத்துக்குப் பக்கத்தில் வரும். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறீர்களே, அதற்கு உங்களுக்கே ஒரு சம்பளம் போட்டுக் கணக்குப் பாருங்கள். நஷ்டம்தான்."

போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான் என்பதுதான் கஷ்டம். துவரம்பருப்பில் கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் நின்றால் பெரிது. சோப்பு, பிஸ்கட்டில் கம்பெனி வைத்ததுதான் லாபம், அதிலும் கம்பெனி ஸ்கீமில் இலவசமாக, கூடுதலாகத் தருவதை வாடிக்கையாளரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். எண்ணெய் விலை ஒரு வாரம் இறங்கினால் கையில் இருக்கும் டின்கள் எல்லாம் நம் தலையில்.

ஆனால் கடன் இல்லை. ஊரில் பெயர் இருக்கிறது. இந்தக் கடைதான் இரண்டு பேரையும் படிக்க வைத்தது. பிள்ளைகளுக்கு விருப்பம் வர என்ன செய்தீர்கள், அல்லது வரவில்லை என்றால் என்ன செய்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · ஈரோட்டுமஞ்சள்

ஐயா, பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. மகன் லீவில் வந்தால் கல்லாவில் யார் உட்காருகிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுடையது மஞ்சள் மண்டி. நான் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே, விருப்பத்தோடு அப்பாவிடம் வந்து சேர்ந்தவன். காலையில் சாம்பிள் பார்க்கப் போவோம். விரலி மஞ்சளை எடுத்து இரண்டாக உடைத்து உள்நிறம் பார்ப்பார், காது பக்கத்தில் வைத்து உடைக்கும் சத்தத்திலேயே மஞ்சள் காய்ந்தது போதுமா போதாதா என்பார். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. ஒரு நாள் டெண்டர் சீட்டில் நான் ஒரு விலை எழுதினேன். சீட்டைக் கையில் வாங்கி, மற்ற வியாபாரிகள் முன்னாலேயே என் விலையை அடித்துவிட்டு வேறு விலை எழுதிப் போட்டார். சரக்கு எங்களுக்குத்தான் விழுந்தது. அதற்கப்புறம் ரொம்ப காலம் நான் விலையே எழுதவில்லை.

செக் புத்தகம் அவர் பீரோவில். வங்கி ஓ.டி.பி. அவர் போனுக்கு. விவசாயிகள் வந்தால் "பெரியவர் இல்லையா?" என்று கேட்டு, இல்லை என்றால் டீ குடித்துவிட்டு வருவதாகப் போய்விடுவார்கள். வெளியில் கேட்டால் அப்பா, "எல்லாம் பையன்தான் பார்த்துக்கொள்கிறான்" என்பார்.

அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோதுதான் கல்லா என் கைக்கு வந்தது. தொழிலைத் தருகிறேன் என்று சொல்லும் அப்பாக்கள் நிறையப் பேர். சாவியைத் தருபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

#3 · பஜார்தெரு

தம்பி, நேராகவே கேட்டுவிட்டீர்கள். மகன் வந்தால் கல்லாவில் உட்காருவான், ஆனால் பக்கத்து ஸ்டூலில் நான் இருப்பேன். கடன் நோட்டு என் கையில்தான். யாருக்கு எவ்வளவு வரை விடலாம், யார் அறுவடைக்குக் கொடுப்பார், யார் சீட்டு எடுத்தால்தான் கொடுப்பார் என்பது நோட்டில் எழுதியிருக்காது. அதை எப்படி ஒரே நாளில் கொடுப்பது?

அப்புறம், கல்லாவைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் உட்காருவது? இதையும் யோசியுங்கள்.

#4 · தறிச்சத்தம்

எங்கள் கதை நேர் எதிர். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் பக்கம். வீட்டில் இரண்டு குழித்தறி. நான் தறிக்கு வர வேண்டும் என்று அப்பா ஒருநாளும் நினைக்கவில்லை.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா, அதாவது ஊடை நூலை இழுத்துப் போகும் கட்டை, ஓடும். நெய்பவர் ஒருவரால் மட்டும் எல்லாம் முடியாது, ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஆள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பையன். சம்பளம் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. அப்பா அப்படி உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார், ஐந்தாவதோடு படிப்பு நின்றது. என்னை அவர் பள்ளிக்கு அனுப்பிய நாளிலேயே எங்கள் வீட்டில் தறி அடுத்த தலைமுறைக்குப் போகாது என்பது முடிவாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனது நல்லது. அதனால் கோர்வை நெய்ய ஆள் குறைந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறேன். கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றிக்கொள்ளும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. மழைக்காலத்தில் பாவு நூல் ஈரமாகி வேலை நின்றுவிடுமோ என்ற கவலை இல்லை. பட்டுச் சேலை கடையில் என்ன விலைக்குப் போகிறது, நெய்தவர் கைக்கு என்ன கூலி வருகிறது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து எத்தனையோ வருடம் ஆயிற்று. எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துகொண்டேதான் போனது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாரம்பரியத்தில் அக்கறை இல்லை" என்று சேலை கட்டுபவர்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

#5 · நெல்லைமகள்

அண்ணாச்சி கடை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சென்னைப் புறநகர், கீழே கடை, மேலே வீடு. யாரும் பேசாத விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரப் பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். பையன் கடைக்கு வர யோசிப்பதில் பாதிக் காரணம் இதுதான்.

பெண் வீட்டுக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மா காலை நான்கரைக்கு எழுவார். கடைப் பையன்கள் ஐந்தாறு பேருக்கும் சேர்த்துச் சமையல். அப்பா மேலே வந்து சாப்பிடும்போது ராத்திரி பதினொன்று. ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம், அதனால் ஞாயிறு என்று ஒன்று எங்கள் வீட்டுக் காலண்டரில் இல்லை. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் அப்பா ஒரு நாள் பிந்தி வந்து ஒரு நாள் முந்திக் கிளம்புவார். நான் கல்யாணத்துக்குப் போட்ட ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை கடை வைத்திருக்கக் கூடாது.

பஜார்தெரு அண்ணாச்சி, மகனுக்கு விருப்பமா என்று கேட்கிறீர்கள். மருமகளுக்கு விருப்பமா என்று யாராவது கேட்டீர்களா? இன்னொன்று. உங்கள் பதிவில் மகளைப் பற்றி ஒரே வரிதான். பி.காம். படித்து ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் பிள்ளையிடம் கடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாப்ட்வேர் எழுதுபவரிடம் எடுத்திருக்கிறீர்கள்.

#6 · கணக்குப்பிள்ளை

மேலே சகோதரி சொன்னது சரியான அடி.

நான் வரி ஆலோசகர். உணர்ச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் விருப்பம் இருந்தும் காகிதத்தால் கெட்ட கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடை தனிஉரிமைதானே, அதாவது உங்கள் ஒருவர் பெயரில் மட்டும்? அப்படியென்றால் ஜி.எஸ்.டி. பதிவு உங்கள் பான் எண்ணில் நிற்கிறது. உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பதிவு வாரிசுக்குத் தானாகப் போகாது. வாரிசு புதிதாகப் பதிவு எடுக்க வேண்டும். சரக்கு வாங்கும்போது கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாமல் நிற்கும் உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 என்ற படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை யார் பெயரில் பில் போடுவது? நடப்புக் கணக்கு நின்றுவிடும். உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரை, வணிக உரிமம் எல்லாம் உங்கள் பெயர். துக்க வீட்டில் பதினாறாம் நாள் முடிவதற்குள் மொத்த வியாபாரி பாக்கி கேட்டு வந்து நிற்பார். அவர் மேல் தப்பும் இல்லை.

பங்குதாரர் நிறுவனமாக மாற்றினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி போகும். இரண்டே பேர் இருந்து ஒருவர் இறந்தால் நிறுவனம் அங்கேயே முடிந்தது. மூன்று பேர் இருக்கட்டும், ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆவது பிரிவுப்படி பங்குதாரரின் மரணம் கூட்டைக் கலைத்துவிடும்.

மகள் விஷயம். தமிழ்நாட்டில் 1989லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்துவிட்டார்கள், அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் நீங்கலாக. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் எடுத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் பிறப்பாலேயே உரிமை என்று உறுதிப்படுத்தியது. உங்கள் கட்டடம் பூர்வீகமா, உங்கள் சுயசம்பாத்தியமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். சுயசம்பாத்தியம் என்றால் உயில் எழுதலாம், இரண்டு சாட்சி போதும். உயில் இல்லாமல் போனால் மகன், மகள், மனைவி, உங்கள் அம்மா இருந்தால் அவர், எல்லாருக்கும் சம பங்கு. கடையை ஒருவர் நடத்த, கட்டடத்தில் நான்கு பேருக்கு உரிமை என்றால் எப்படி நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கட்டடம் வேறு, வியாபாரம் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

#7 · கத்திரிக்கோல்

இந்த உரையாடல் இழை முழுக்க வாசித்தேன். எல்லாரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். அப்பா தொழிலைப் பிள்ளை எடுப்பானா என்று கவலைப்படுவதே சிலருக்குக் கிடைத்த வசதி.

எங்கள் அப்பாவுக்கு சலூன். மரப்பெஞ்சு, இரண்டு நாற்காலி, எதிரெதிரே கண்ணாடி. ஊரில் எங்களை எப்படிக் கூப்பிடுவார்கள், எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிற்கச் சொல்வார்கள் என்பதெல்லாம் எழுத வேண்டியதில்லை. அப்பா எதற்கும் கை ஓங்காதவர். ஒரே ஒரு முறை அடித்தார், நான் விளையாட்டாக சீப்பையும் கத்திரிக்கோலையும் எடுத்துத் தம்பி தலையில் வைத்தபோது. "இது உனக்கு வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். நான் இப்போது மின்வாரியத்தில் இருக்கிறேன்.

1953இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் வாங்கியது. எதிர்ப்பு கிளம்பி 1954இல் அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தை எடுத்தார். எடுத்திருக்காவிட்டால் நான் இன்று எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

2023இல் கைவினைஞர்களுக்குக் கடன் தரும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை, பதினெட்டு வயதிலேயே சேரலாம். தமிழ்நாடு அரசு அந்தக் குடும்ப நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்டது. எடுக்கவில்லை, இங்கே சேரவில்லை. பதிலுக்கு 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும், பட்டியலில் உள்ள எந்தத் தொழிலுக்கும் விண்ணப்பிக்கலாம், குறைந்தது 35 வயது. அந்த வயது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பதினெட்டில் கடன் கொடுத்தால் பையன் கல்லூரிக்குப் போகாமல் அப்பா நாற்காலிக்கு வந்துவிடுவான். முப்பத்தைந்தில் கொடுத்தால் அது அவனே தேர்ந்தெடுத்தது. எனக்கு அது புரிகிறது.

#8 · கோவைபம்ப்

மளிகைக் கடை பற்றிய இழையில் சாதியை எதற்கு இழுக்கிறீர்கள்? தொழில் தொழில்தான். எங்கள் தாத்தா லேத் பட்டறையில் நின்றவர், அப்பா நின்றார், நானும் நிற்கிறேன். கையில் எண்ணெய் படாமல் யாரும் முதலாளி ஆனதில்லை.

#9 · கத்திரிக்கோல்

லேத்தில் நிற்பவரைக் கல்யாணப் பந்தியில் தனியாக உட்காரச் சொன்னதில்லையே சார். அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். என் சித்தப்பா மகன் சென்னையில் ஏ.சி. போட்ட சலூன் வைத்திருக்கிறான், பயிற்சி எடுத்து, விருப்பப்பட்டு. அவனிடம் வேலை செய்யும் பையன்களில் எல்லா சமூகத்தவரும் உண்டு. காசு வந்தவுடன் தொழில் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

#10 · டோக்கியோதமிழ்

நான் ஜப்பானில் இருக்கிறேன். இங்கே நூற்றாண்டு கடந்த சிறு கடைகளும் பட்டறைகளும் ஏராளம். அவற்றில் பல வாரிசு இல்லாமல் மூடுகின்றன. லாபம் வருகிற கடையே மூடுகிறது, எடுத்து நடத்த ஆள் இல்லை. இதற்கென்றே கடை வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைக்கும் அரசு மையங்கள் மாநிலத்துக்கு மாநிலம் இருக்கின்றன.

ஆனால் ஜப்பான்காரர்கள் பழைய காலத்திலிருந்தே ஒரு வழி வைத்திருந்தார்கள். மகன் சரியில்லை அல்லது மகனே இல்லை என்றால், திறமையான ஒருவரை மகளுக்குக் கட்டிவைத்து, அந்த மருமகனையே சட்டப்படி தத்தெடுத்துவிடுவார்கள். அவர் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வார். சுஸுகி நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தி 2024இல் காலமான ஒசாமு சுஸுகி அப்படி வந்தவர்தான், பிறந்த வீட்டுப் பெயர் மட்சுதா. கோயில் கட்டும் கொங்கோ குமி நிறுவனம் கி.பி. 578இல் தொடங்கியது, 2006இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொண்டது. அந்தக் குடும்பத்திலும் இடையிடையே மருமகன்கள் உண்டு. ரத்தத்தைவிடக் கடைப் பெயர் முக்கியம் என்று நினைத்தவர்கள்.

#11 · ஈரோட்டுமஞ்சள்

நம் ஊரில் அதற்கு வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயர். தத்தெடுப்பதற்குப் பதில் ஆயுசுக்கும் கிண்டல் செய்வோம்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் மட்டும் விதிவிலக்கு. சுவிகாரம், அதாவது தத்து, எடுப்பதை அவர்கள் வெகு இயல்பாகச் செய்வார்கள்.

#12 · பஜார்தெரு

எல்லாப் பதில்களையும் வாசித்தேன். நெல்லைமகள் தங்கச்சி எழுதியதை என் மனைவியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, சாப்பாடு போடும்போது, "அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்திருக்கிறதா?" என்று கேட்டாள்.

இன்னொரு விஷயம் நான் முதலில் எழுதவில்லை. கடையில் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் அப்பா காலத்தில் வேலைக்கு வந்தவர், இப்போது ஐம்பது ஆகப் போகிறது. சரக்கு எடுப்பது, கம்பெனி விற்பனை ரெப்களிடம் பேசுவது, காலாவதி ரிட்டர்ன் எல்லாம் அவர்தான். வத்தல் மூட்டையைக் குத்தூசியால் குத்தி எடுத்து மோந்தே ஈரம் சொல்வார். எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சில வருடம் உண்மையாக உழைத்த பையனுக்கு முதலாளியே முன்நின்று, மொத்த வியாபாரியிடம் சொல்லிக் கடனுக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்து, வேறு ஊரில் தனிக்கடை வைத்துக் கொடுப்பார். சென்னையில் இருக்கும் கடைகள் பல அப்படி வந்தவைதான். இவருக்கும் அப்பா சொன்னார். இவர் போகவில்லை. கடையை இவரிடமே விட்டுவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. ஆனால் சொந்தபந்தம் என்ன பேசும்?

#13 · அச்சுமை

சிவகாசி. அப்பாவின் ஆப்செட் அச்சகத்தை நடத்துகிறேன். நான் மகள்.

என்னை யாரும் அழைக்கவில்லை. அண்ணன் துபாய் போய்விட்டான், அப்பா மெஷினை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிசைன் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். காலண்டர் சீசனில் உதவிக்கு உட்கார்ந்தேன். எங்களுக்கு ஆடிப்பெருக்கில் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டால் மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. தினசரிக் காலண்டரில் ராகு காலம் ஒரு கட்டம் மாறினாலும் வருடம் முழுக்க ஊர் திட்டும், அதைச் சரிபார்க்க அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. அப்படி ஆரம்பித்தது. அடுத்த சீசனிலும் உட்கார்ந்தேன். எப்போது நிரந்தரமானேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் மெஷின்மேன் என்னிடம் பேசமாட்டார், என் முன்னாலேயே "அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்பார். ஒரு வேலையில் மஞ்சள் மை மற்ற நிறங்களோடு பொருந்தாமல் தள்ளிப் பதிந்ததை நான் லென்ஸ் வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சு குறைந்தது.

பெரிய குடும்பங்களிலும் இதே கதைதான். முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பனுக்கு இரண்டும் மகள்கள். அவர் 2017இல் இறந்தபின் மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர் கூட்டத்தில் வாக்கெடுப்பில் தோற்றார். 2023இல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. அவர் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், படிப்பு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அண்ணாச்சி, எங்கள் ஊரையே பாருங்களேன். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வீட்டில் இருந்ததையே செய்திருந்தால் சிவகாசி என்ற பெயரை யார் கேள்விப்பட்டிருப்பார்கள்? உங்கள் விருதுநகர்ப் பிள்ளை காமராஜரையும் மாமா கடையில் உட்கார வைத்துத்தான் பார்த்தார்கள். அவர் ஊர்வலத்துக்கு ஓடிவிட்டார். நல்ல வேளை.

#14 · ஒயிட்ஃபீல்டுவாசி

மகன்கள் தரப்பில் ஒரு குரல் வேண்டாமா? நான் அப்படி ஒரு மகன். அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை, தேனி பக்கம்.

எங்களுக்குக் கடை பிடிக்காது என்று நினைக்காதீர்கள். ஆணி டப்பாவின் வாசனை இன்னும் பிடிக்கும். பயம்தான் காரணம். இங்கே சம்பளம் ஒன்றாம் தேதி வரும், வேலை போனால் வேறு வேலை தேடலாம். அங்கே வந்து இரண்டு வருடத்தில் சரிவரவில்லை என்றால் திரும்பி இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். அப்பாவின் கடையைக் கெடுத்தவன் என்ற பெயர் மட்டும் ஊரில் நிற்கும். அப்பா மூடினால் வயதாகிவிட்டது என்பார்கள், நான் மூடினால் துப்பில்லை என்பார்கள்.

பணமும் பேச வேண்டும். "எல்லாம் உனக்குத்தானே" என்பது சம்பளம் இல்லை. என் நண்பன் ஒருவன் வேலையை விட்டு அப்பா கடைக்குப் போனான். பெட்ரோலுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அவன் மறுபடியும் பெங்களூர் வந்துவிட்டான்.

சில நிமிடங்களில் கொண்டுவந்து தரும் செயலிகள் சின்ன ஊருக்கும் வந்தால் உங்கள் சில்லறை வியாபாரம் என்ன ஆகும் என்று உங்கள் மகன் நிச்சயம் யோசித்திருப்பார். மொத்த வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுக் கிராமங்களின் பெட்டிக்கடைகளுக்கு வேனில் போட முடியுமா என்று பாருங்கள். எங்கள் அப்பா பெயிண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்தார். ஆள் செலவு பாதியானது.

#15 · நெல்லைமகள்

#12க்கு: உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை அண்ணாச்சி. ஆனால் அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சொந்தபந்தம் பேசத்தான் செய்யும். கடையை மூடினாலும் பேசும். அந்த ஐம்பது வயதுக்காரருக்கு இத்தனை வருடத்தில் பி.எஃப். பிடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கடையில் அவருக்குப் பங்கு கொடுப்பது தானம் ஆகாது, பாக்கியைக் கொடுப்பதுதான்.

#16 · தறிச்சத்தம்

+1. எங்கள் தெருவில் ஆயுள் முழுக்க நெய்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது முதுகு வலி.

#17 · பஜார்தெரு

சித்திரை பிறந்ததும் எழுதலாம் என்று இருந்தேன், அதற்குள் பலர் தனிமடலில் கேட்டுவிட்டார்கள்.

மகளிடம் பேசினேன். "இத்தனை வருடமாக நீங்கள் கேட்கவே இல்லையே" என்றாள். மதுரையை விட்டு வரமாட்டாள், மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. ஆனால் கணக்கு, ஜி.எஸ்.டி., கொள்முதல் விலை ஒப்பீடு எல்லாம் அவள் அங்கிருந்தே பார்க்கிறாள், சனிக்கிழமை வருகிறாள். வந்த முதல் மாதமே காலாவதி ஆன சரக்கில் கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கியை எடுத்துக் காட்டினாள். நான் விட்டுவிட்ட தொகை அது, நல்ல தொகை. சம்பளம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், ஒன்றாம் தேதி அனுப்பிவிடுகிறேன்.

நான், மகள், கடையில் இருக்கும் அவர், மூன்று பேரும் பங்குதாரர். கணக்குப்பிள்ளை சொன்ன அந்தத் தொடரும் வாசகம் பத்திரத்தில் உண்டு. கட்டடம் என் பெயரிலேயே இருக்கிறது, நிறுவனம் எனக்கு வாடகை தரும். மகனிடம் சொன்னபோது சண்டை வரும் என்று நினைத்தேன். "வாடகை விகிதம் சந்தை விலைக்குப் போடுங்கள், பிறகு கடை உண்மையிலேயே சம்பாதிக்கிறதா என்று தெரியும்" என்றான். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை அடைப்பு. இதுவும் அவன் யோசனை. முதல் வாரம் நாலைந்து பேர் ஷட்டரைத் தட்டினார்கள், இப்போது காலையிலேயே வாங்கிப் போய்விடுகிறார்கள்.

கல்லாவில் அவர் உட்காருகிறார். நான் எதிரில் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறேன். கடன் நோட்டு இன்னும் என்னிடம்தான், அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

#18 · கணக்குப்பிள்ளை

நல்ல ஏற்பாடு. லாபப் பங்கு என்ன விகிதம் போட்டீர்கள்? பங்குதாரர் சம்பளத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து மூலவரி பிடித்தம் (டி.டி.எஸ்.) உண்டு, வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம். மகளுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

#19 · பஜார்தெரு

அவளே பிடித்துக் கட்டிவிட்டாள். விகிதத்தில்தான் இன்னும் பேச்சு ஓடுகிறது. நான் எனக்கு ஐம்பது என்றேன், மகள் உங்களுக்கு நாற்பது போதும் என்கிறாள். தற்காலிகமாக நாற்பத்தைந்து எழுதியிருக்கிறோம், அடுத்த மார்ச்சில் திரும்பப் பார்ப்பதாக.